ஊஜியில் ஒரு சாவீடு

இயேசு மரி சூசை

லாச்சப்பல், பாரிஸ்.
13 யூலை 1986, ஞாயிறு

அன்புள்ள மருமகன் அம்புறோஸ் அறிவது,

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். நான் கேட்கப் போவதில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் பட்ட பாடுதான் உமக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உம்முடைய ஆறு பக்கக் கடிதமும் பச்சைத் தூள் அடைத்த பேணியும் செவ்வாய்க்கிழமை வந்தன. அந்த ஆறு பக்கத்தில் மூன்று இடத்தில் "சிரிப்பை அடக்க முடியவில்லை மாமா" என்று எழுதியிருக்கிறீர். நன்றாகச் சிரியும். கோபேயில் கப்பல் இயந்திரம் பூட்டுகிறவருக்குச் சிரிக்க நேரம் இருக்கிறது. நான் இங்கே விடிய ஐந்து மணிக்கு ஒரு கந்தோரைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் ஊரார் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உம்முடைய தபாலட்டையை எடுப்போம். நான் எதையாவது கூட்டிக் குறைத்துச் சொன்னேன் என்று பிறகு ஒருவரும் சொல்லக் கூடாது. மே மாதம் 26ஆம் திகதி நீர் எழுதியது. முன்பக்கம் ஒரு பாலம், ஒரு ஆறு, கரையில் பச்சைப் பற்றைகள். பின்பக்கம் உம்முடைய கையெழுத்தில் உள்ளது இது:

"அன்புள்ள மாமா, நேற்று ஒரு நாள் பயணமாக ஊஜிக்குப் போய், சாவீட்டில் இருந்துவிட்டு வந்தோம். எங்கள் கம்பனியிலிருந்து முப்பது பேர். பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். எல்லாரும் முழந்தாளில் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. ஒரேயொரு பூ வைத்திருந்தார்கள். சாம்பிராணி மாதிரி ஒரு வாசம். கசப்புத்தான், ஆனால் பிறகு மனம் அமைதியாகிவிட்டது. அம்மா இல்லாதது ஒன்றுதான் குறை. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. மிகுதி பின்னர். அம்புறோஸ்."

இதை வாசிக்கிற தமிழன் என்ன விளங்கிக்கொள்வான்? உம்மையே கேட்கிறேன். சாவீடு என்றால் செத்தவீடு. மன்னாரிலும் அதுதான், யாழ்ப்பாணத்திலும் அதுதான், உம்முடைய அப்பாவின் மலைநாட்டிலும் அதுதான். யப்பான் பாஷையில் தேத்தண்ணிக்குச் சா என்று பெயராம். இருக்கட்டும். அதைத் தமிழ்க் கடிதத்துக்குள் ஏன் கொண்டுவந்து வைத்தீர்? தேத்தண்ணிக்குத் தமிழில் பெயர் இல்லாமலா உம்முடைய அப்பா அதிலே சீவித்தார்? சாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்ததாக இப்போது எழுதுகிறீர். என்னோடு அறையில் இருக்கும் தவரத்தினத்தின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். அந்த இடைவெளிக்குள் ஒரு எறும்பு நுழையாது.

உம்முடைய தாயாருக்கு முழங்கால் நோவாம், அதனால் பயணத்துக்கு வராமல் வீட்டில் நின்றுவிட்டாராம். "அம்மாவுக்கு முழங்கால் நோ" என்று எழுத அந்த அட்டையில் உமக்கு இடம் கிடைக்கவில்லை. பூவுக்கு இடம் இருந்தது. சாம்பிராணிக்கு இடம் இருந்தது. கண் கலங்கியதற்கும் இடம் இருந்தது. அந்தக் கண் கலங்கல் தூளின் கசப்பினால் வந்ததா, முழந்தாளில் இருந்து கால் விறைத்ததால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

எழுத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன் நான். உப்புக் கட்டி வருகிற பழைய பேப்பரை விரித்து வைத்து நானாக வாசிக்கப் படித்தேன். அறுபத்திரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்து, ஒரு அகராதியை வைத்துக்கொண்டு பிரஞ்சையும் அப்படியே படித்தேன். இன்றைக்கு இங்கே பொலிஸ் கந்தோரிலிருந்தோ அகதி அலுவலகத்திலிருந்தோ ஆருக்குக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்டவனை ஒரு தபாலட்டை வாசிக்கத் தெரியாதவன் ஆக்கிவிட்டீர்.

நடந்ததைக் கேளும். யூன் நாலாந் திகதி, புதன்கிழமை, மத்தியானம் அட்டை வந்தது. நான் கட்டிலில் இருந்தேன். தவரத்தினம் சமையல் வேலை முடித்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணை, ஆர்?" என்று கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னேன். "தங்கச்சி" என்றேன். அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "உங்களுக்குத் தங்கச்சி இருக்கோ?" என்றான். இரண்டு வருடமாக ஒரே அறையில் இருக்கிறோம். அவனுடைய சித்தப்பாவின் மாட்டுக்கு என்ன பெயர் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பூசை ஒப்புக்கொடுத்தேன். பங்குச் சுவாமி வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஆத்துமத்தின் பெயர் கேட்டார். ரோசாலி என்றேன். இது எங்கள் ஊர்ப் பெயர் என்று சொல்லிச் சந்தோசப்பட்டார். வில்லியே லே பெல்லில் இருந்து மூன்று குடும்பங்கள் பஸ் மாறி றெயில் மாறி வந்தன. பியர்ஃபித்தில் இருந்து அருள்மலர் ஒரு பெரிய சட்டியில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூசை முடிந்து அவள் என் பக்கத்தில் இருந்து, "அண்ணை, அக்கா எப்பிடிப்பட்டவ?" என்று கேட்டாள். செத்தவீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். நான் சொல்லத் தொடங்கினேன். சைக்கிள் ஓட்டுவாள், கன்னியர் மடத்தில் முதலாவதாக வருவாள், மீன் முள்ளை ஒரே இழுப்பில் எடுப்பாள் என்றெல்லாம் சொன்னேன். "பிறகு?" என்றாள் அருள்மலர். பிறகு என்னிடம் ஒன்றும் இல்லை. இருபத்தொன்பது வயதோடு நின்றுவிட்டது. அறுபது வயதுக்குக் கிட்ட வந்த ஒரு மனிசியைப் பற்றி எனக்கு ஒரு சொல் தெரியவில்லை. அந்த வெட்கத்தையும் உம்முடைய கணக்கில்தான் எழுதுகிறேன்.

அட்டை வந்த எட்டாம் நாள் இறைச்சி தொடவில்லை. நீர் எழுதிய சாவீட்டு நாளிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் இரண்டாவது பூசை. அது யூன் 24. அன்றைக்கு நான் கோயிலில் முழந்தாளில் நிற்கிறேன். அதற்கு இரண்டு நாளுக்கு முன்பு உம்முடைய தாயார் ஊஜியில் அதே சாவீட்டுக்குள் இருந்து இனிப்புத் தின்றிருக்கிறார். உம்முடைய கடிதத்தின் நாலாம் பக்கத்தில் அது கிடக்கிறது.

அவர் சாகவில்லை என்று உடனே ஒரு தந்தி அடித்திருக்கலாமே என்று எழுத வந்தேன். எழுதவில்லை. தந்தியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று உம்முடைய தாயார் கேட்பார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது லாச்சப்பலில் என்ன நடக்கிறது என்று கேளும். செவ்வாய்க்கிழமை உம்முடைய கடிதத்தைத் தவரத்தினத்துக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. அவன் தரையில் இருந்து சிரித்தான். புதன்கிழமை காலையில் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறேன், கடைக்காரி கோசலை அடுப்படியில் நின்றபடி, "மடுத்தீன் அண்ணை, சாவீட்டுக்கு வந்தனீங்களோ? பால் விட்டோ, விடாமலோ?" என்று கேட்கிறாள். பின்னால் இருந்தவன், "எனக்குச் சீனி போடாத சாவீடு ஒண்டு" என்கிறான். இப்போது இந்தத் தெருவில் தேத்தண்ணிக்குப் பெயரே அதுதான். பூசைக்கு வந்து அழுத சனங்களே சொல்கிறார்கள். அருள்மலர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டியைத் திருப்பி வாங்க வந்தபோது, "அக்கா இருக்கிறா எண்டது எவ்வளவு புண்ணியம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது உம்முடைய ஆறு பக்கம். மச்சாப் பிரியர்களுக்கென்று கம்பனி ஒழுங்குசெய்த பயணமாம். அந்தப் பச்சைத் தூளுக்கு மச்சா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நீர் விளங்கப்படுத்தியது மூன்றாம் பக்கத்தில். நான் இரண்டாம் பக்கம் வாசிக்கும்போது எனக்கு அது எப்படித் தெரியும்? ஒரு ன் குறைந்துபோய்விட்டது என்று நினைத்து எல்லா இடத்திலும் மச்சான் என்றே வாசித்துக்கொண்டு போனேன். "மச்சானை இருபது நாள் வெயில் படாமல் மூடி வைப்பார்கள்" என்று வந்தது. சரி, ஏதோ வருத்தக்காரன் என்று நினைத்தேன். "பிறகு ஆவியில் அவித்துக் கல்லில் இட்டு மெதுவாக அரைப்பார்கள்" என்று வந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு எல்லாம் விளங்கியது. விளங்கியும் எனக்கு ஒப்பவில்லை. தேயிலைச் செடிக்கு நாணல் தட்டியும் வைக்கோலும் போட்டுப் பந்தல் கட்டி வெயிலை மறைக்கிறார்களாம். கொழுந்து அப்போதுதான் கடும் பச்சையாகுமாம். ஒரு கல்லில் ஒரு மணித்தியாலம் அரைத்தால் ஒரு கைப்பிடித் தூள்கூடத் தேறாதாம். அதை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பம் மாதிரி ஒன்றால் அடிப்பார்களாம். குடிக்கிறவன் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பிவிட்டுக் குடிக்க வேண்டுமாம். உள்ளே போகிற வாசல் தவழ்ந்துதான் போகலாம் என்கிற அளவுக்குச் சிறியதாம். இவ்வளவுக்கும் ஆளுக்கு மூன்று வாய் தண்ணீர். இதற்காக முப்பது பேர் கோபேயிலிருந்து றெயில் ஏறி, ஒசாகாவில் மாறி, கியோட்டோவில் மாறி, ஒரு நாளைச் செலவழித்துப் போய்வந்தீர்கள். தேயிலைக்குள்ளே பிறந்த பிள்ளை தேயிலையைப் பார்க்க டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறது.

தூளையும் போட்டுப் பார்த்தேன். குற்றம் சொல்வதற்கு முன் குடித்துப் பார்க்கவேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்த முறையில் போட்டேன். பால் காய்ச்சி, இரண்டு கரண்டி தூள், மூன்று கரண்டி சீனி, நன்றாகக் கொதிக்கவிட்டேன். குளத்துப் பாசி மாதிரி ஒன்று பொங்கி வந்தது. தவரத்தினம் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணை, இது அகத்திக்கீரைக்குச் சீனி போட்ட மாதிரிக் கிடக்கு, இதுக்கு நாங்கள் ஊரிலை ஆட்டைத்தான் கூப்பிடுவம்" என்றான். நான் முழுவதையும் குடித்தேன். அதை வாங்கி அனுப்பச் சொன்னது உம்முடைய தாயார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர். அதற்காகக் குடிக்கவில்லை. பாலை வீணாக்கக் கூடாது என்று குடித்தேன்.

இனி அந்த நாலு பக்கம். நான் யூன் எட்டாந் திகதி உமக்கு எழுதிய துக்கக் கடிதம். உமக்கென்று எழுதத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் ஆத்துமத்துக்கு எழுதியது. அதை நீர் அவரிடம் கொடுத்திருக்கிறீர். ஒரு மனிதன் செத்தவளுக்கு எழுதியதை, சாகாதவளின் கையில் கொடுக்கிற புத்தி உமக்கு எங்கேயிருந்து வந்தது? கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, "அம்மா சுகம்" என்று இரண்டு சொல் எனக்கு எழுதியிருந்தால் போதும். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் இருந்தபடி இருந்திருப்பேன், அவர் இருந்தபடி இருந்திருப்பார்.

நீர் அதை வாசித்திருக்கிறீர், ஆகவே உமக்கும் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒழுங்காகச் சொல்கிறேன். உம்முடைய தாயார் மலைநாட்டுக்குப் படிப்பிக்கப் போன இடத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்த்த ஞானசுந்தரத்தைக் கலியாணம் செய்தார். நல்ல மனிதர், கோயில் தவறாதவர் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அவர் தோட்டக்காட்டான். அந்தச் சொல்லை அவருடைய மகனுக்கு எழுதக் கூடாது. ஆனால் நான் ஊருக்குள் நின்று சொன்ன சொல் அதுதான், இன்றைக்கு வேறு சொல் போட்டு அதை அழகாக்க முடியாது. கலியாணத்துக்கு நான் போகவில்லை. அம்மாவையும் போகவிடவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம் அம்மா செவ்வாய்க்கிழமை விழுந்தா. வியாழன் விடிய மோசம் போனா. வெள்ளி மத்தியானம் அடக்கம் செய்தோம். வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குப் போய் உம்முடைய தாயாருக்குத் தந்தி அடித்தேன். "அம்மா கடுஞ்சுகவீனம், உடனே வரவும்" என்று. அடக்கம் முடிந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒரு வயதுப் பிள்ளையாக நீர் தோளில் படுத்திருந்தீர். செவ்வாய்க்கிழமையே தந்தி கொடுத்தாயிற்று, தோட்டத்துத் தபால் அப்படித்தான் என்று நான் சொன்னேன். தபால்காரர்களை வாயில் வந்தபடி ஏசினேன். அவர் கையில் இருந்த தந்தித் தாளைப் பார்த்தார். மடித்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனார். அன்றிலிருந்து இருபத்தொன்பது வருடம் நான் அதே கதையைத்தான் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் செத்துவிட்டார் என்று நினைத்த பிறகுதான் உண்மையை எழுதினேன்.

அதற்கு அவர் சொன்ன மறுமொழியை நீர் ஐந்தாம் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறீர். "எனக்கு அது அண்டைக்கே தெரியும். தந்தித் தாளிலை திகதியும் நேரமும் கிடந்தது. அவராச் சொல்லுவர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நான் செத்தாப்பிறகு வந்து சொல்லுறார்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார் என்றும் எழுதியிருக்கிறீர்.

தந்தித் தாளில் கொடுத்த நேரத்தைப் போடுவார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? எல்லாம் இங்கிலீசில் இருக்கும். எனக்கு அந்த நாளில் இங்கிலீசு ஒரு எழுத்துத் தெரியாது. கன்னியர் மடத்தில் படித்தவருக்குத் தெரியும். அப்படியானால் வாசலில் நின்று நான் தபால்காரனை ஏசும்போது அவருக்குத் தெரியும். நான் அங்கே நின்று பொய்யை வளர்த்துக்கொண்டிருக்க, அவர் அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். "அண்ணை, நீ பொய் சொல்லுறாய்" என்று அன்றைக்கே என் முகத்துக்குச் சொல்லியிருக்கலாம். நான் அடித்திருப்பேனா? கத்தியிருப்பேன். அவரும் கத்தியிருப்பார். இரண்டு பேரும் கத்தி முடித்திருப்போம். அதைச் செய்யாமல், கெட்டிக்காரியாக மௌனமாக இருந்து, இருபத்தொன்பது வருடம் என்னை ஒரு பொய்யனாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது சரியா? நான் செய்தது பாவம். அதை மறுக்கவில்லை. அவர் செய்ததற்கு என்ன பெயர் என்று அந்தப் படித்தவரிடம் கேட்டு எழுதும்.

உம்முடைய அப்பா எழுபத்தொன்பதாம் ஆண்டு காலமானபோது எனக்குத் தந்தி வந்தது. நேரத்துக்குத்தான் வந்தது. நான் போகவில்லை. அதையும் இதில் சேர்த்து எழுதிவிடுகிறேன், பிறகு அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டி வரும்.

உம்முடைய தாயார் உம்மைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்த வீட்டை எனக்கும் ஒருக்காக் காட்டு" என்று கேட்டு, நோகிற முழங்காலோடு ஊஜிக்குப் போனதை எழுதியிருக்கிறீர். சின்ன வாசலால் தவழ முடியாமல் பக்கத்துக் கதவால் கூட்டிப் போனார்களாம். முழந்தாளில் இருக்க முடியாமல் ஒரு சிறு பலகை கொடுத்தார்களாம். கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடி குடிக்காமல் நெடுநேரம் இருந்தாராம். "உன்ரை அப்பா பக்டரியாலை வந்து உடுப்பைக் கழட்டேக்கை வாற வாசம்" என்று சொன்னாராம். நீர் அந்த இடத்தில் கண் கலங்கியதாக எழுதவில்லை. இந்த முறை எழுதியிருந்தால் நான் ஏசியிருக்க மாட்டேன். அந்த முழங்காலோடு மூன்று றெயில் மாற்றி அவரைக் கூட்டிப்போனதற்குத்தான் ஏசுகிறேன். இனிக் கூட்டிப்போவதானால் படி குறைந்த வழியைக் கேட்டறிந்து போம். குளிர் தொடங்குமுன் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடும். இரவில் வேப்பெண்ணெய் தடவினால் நல்லது. அங்கே கிடைக்காவிட்டால் எழுதும், இங்கே கடைக்கு வந்திருக்கிறது.

என்னுடைய கடிதத்தைத் திருப்பி அனுப்பும் என்று கேட்டுத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் நீர் அனுப்ப மாட்டீர் என்று தெரியும். அவர் தரமாட்டேன் என்கிறாராம். அதற்கு மேல், "செத்தவளுக்கு எழுதினதை உயிரோடை இருக்கிறவளுக்கும் ஒருக்கா எழுதச் சொல்லு, அதுக்குப் பிறகு பாப்பம்" என்று உத்தரவும் போட்டிருக்கிறார். நான் என்ன, பிழை விட்டதைப் பத்துத் தரம் எழுதுகிற பள்ளிக்கூடப் பிள்ளையா? எழுத மாட்டேன். இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லும்.

என் சங்கதி வேறொன்றுமில்லை. விசாப் பேப்பர் புதுப்பிக்கிற திகதி ஆவணியில் வருகிறது. நாளைக்கு இங்கே தேசியப் பெருநாள், கந்தோர் பூட்டு. அதனால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது.

இதுவரை எழுதியதை அவரிடம் காட்டக் கூடாது. இதன் கடைசித் தாளை வேறாக மடித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் கொடும். நீர் முதலில் வாசித்துப் பார்க்க வேண்டாம். ஒரு முறையாவது ஒரு கடிதம் உரியவரின் கைக்கு உரிய நேரத்தில் போகட்டும்.

இப்படிக்கு,
உமது மாமா
மடுத்தீன்


ரோசாலி,

எழுதியதைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுத மாட்டேன். அது உனக்குத் தெரிந்த சங்கதி, தந்தித் தாளே சொல்லிவிட்டது. தெரிந்ததை இன்னொரு தரம் எழுதி என்ன?

தந்தித் தாளில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதை நான் அந்த நாலு பக்கத்திலும் எழுதவில்லை. நீ செத்துப்போனாய் என்றுதானே எழுதினேன், போன இடத்தில் அம்மாவே சொல்லியிருப்பா என்று விட்டுவிட்டேன். நீ போகவில்லை. ஆகவே நான்தான் சொல்லவேண்டும்.

புதன்கிழமை முழுக்க அம்மா உன்னைக் கேட்டா. "ரோசாலி வெளிக்கிட்டிட்டாளோ?" என்றா. "ஓமம்மா, தந்தி குடுத்தாச்சு, றெயில் ஏறியிருப்பாள்" என்றேன். பின்னேரம், "மதவாச்சி தாண்டியிருப்பாளோ?" என்றா. ஓம் என்றேன். பிறகு என்னைக் கேட்கவில்லை. தானாகவே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தா. "செட்டிகுளம் வந்திட்டாள்" என்றா. கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பி, "மடு றோட்டிலை றெயில் நிக்குது, பிள்ளைக்குப் பால் வாங்குறாள்" என்றா. முருங்கன் என்றா. வியாழன் விடியும்போது கண்ணைத் திறக்காமல், "வாசலிலை பிள்ளையோடை நிக்கிறாள், உள்ளுக்கு வரச் சொல்லு மடுத்தீன்" என்றா. நான் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்தேன். வெளியில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து, "வந்திட்டாள் அம்மா" என்றேன். அதோடு போய்விட்டா.

நீ வராததைப் பார்த்துக்கொண்டு அம்மா போகவில்லை. நீ வந்துவிட்டாய் என்றுதான் போனா. இதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும் என்று, உனக்குரியதை நான் வைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். கோபமாகவே இரு. என்மேல் கோபமாய் இருப்பதற்கு மடு மாதா உனக்கு இன்னும் நிறைய வருடங்களைத் தரட்டும்.

அண்ணன்